கண் உயரம்

முதலில் நடுப்பட்டனைத்தான் பொருத்த வேண்டும். நடுவில் ஒன்று, பிறகு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடம், மறுபடி வலம், இப்படியே இரண்டு ஓரத்துக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரு ஓரத்தில் தொடங்கி இழுத்துக்கொண்டே போனால் மறு ஓரத்தில் துணி கோணிக்கொண்டு நிற்கும். இருபத்தாறு வருஷம் லாரிக்குத் தார்ப்பாயும் காருக்கு சீட் கவரும் தைத்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர் சொன்னார். படகில் கால் வைத்ததும் வைக்காததுமாக, நடுவிலிருந்து ஆரம்பி எஸ்கலின் என்றார். நான் பதில் சொல்லவில்லை. மூன்று மாதமாக இவர் சொல்வதற்கு நான் பதில் சொல்லாமலிருப்பது எனக்குப் பழகிவிட்டது, இவருக்கும் பழகிவிட்டது போலிருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வளைய வந்தால் என்ன ஏது என்று கேட்க வேண்டாமா. கேட்க மாட்டார். பெர்க்மான்ஸ் கேட்க மாட்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்துமூன்று வருஷம் இழுவைப்படகு ஓட்டியவர், தெருவே எழுந்து வந்த மாதிரிக் கப்பலையெல்லாம் மூக்கால் தள்ளித் தள்ளித் துறைமேடையில் சேர்த்தவர், வீட்டில் ஒரு வார்த்தையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்த மாட்டார். சரி. நடுப்பட்டன். பென்சில் புள்ளி இருக்கிறதா, இருக்கிறது. மணி ஏழுகூட ஆகவில்லை. வெயில் ஏறுவதற்குள் முன்விளிம்பை முடித்தாக வேண்டும். வெயிலில், துணியில் வைத்துத் தைத்த ஜன்னல் பிளாஸ்டிக் இளகிவிடும், இளகியதை இழுத்துப் பூட்டினால் சாயங்காலம் சுருங்கிப் பட்டனையே பிடுங்கிக்கொண்டு வரும். இதை இவர் சொல்லவில்லை. இது இவருக்குத் தெரியாது.

டாட்ஜர் என்கிறார் இவர். நான் முக்காடு என்கிறேன். படகுக்குள் இறங்குகிற வாசலுக்கு மேலே இரண்டு ஸ்டீல் வளைவு, அதன் மேல் இழுத்துப் பூட்டிய கேன்வாஸ், முன்னால் மூன்று ஜன்னல், அவ்வளவுதான். எதிர்காற்றில் படகு போகும்போது அலை உடைந்து தெறிக்கிற உப்புத்தண்ணீர் சுக்கான் பிடித்து உட்கார்ந்திருப்பவன் முகத்தில் அடிக்காமலிருக்க. பன்னிரண்டு வருஷமாக முக்காடு இல்லாமல்தான் இந்தப் படகு கிடந்தது. கொச்சியில் எந்த வெள்ளைக்காரனோ கைவிட்டுப் போன முப்பதடி பைபர் படகு, எழுபத்தொன்பதில் கட்டியது, எனக்குக் கல்யாணம் ஆவதற்கு ஏழு வருஷம் முன்னால். ஓய்வு பெறுவதற்கு முன்பே அதை வாங்கிக் கரையோரமாகவே ஓட்டி வந்து பழைய துறைமுகத்தில் கட்டினார். அன்றிலிருந்து அந்தமான். ஒரு நாள் அந்தமான் போவேன். தனியாகப் போவேன். பாய் விரித்து, இன்ஜின் போடாமல், பதினோரு நாளில். என் கடையில் தார்ப்பாய் வாங்க வருகிற லாரிக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டிருந்தேன். ஆம்பிளைகள் சொல்கிற ஆயிரத்தில் இது ஒன்று என்று விட்டுவிட்டேன். மார்ச் மாதம் ஒரு காலையில், நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, எஸ்கலின், படகுக்கு டாட்ஜர் ஒன்று தைக்க வேண்டும், மேற்கேயிருந்து கச்சான் காற்று தொடங்குவதற்குள் வேண்டும் என்றார். தோசை தீய்ந்தது. அறுபத்தாறு வயது. கண்ணில் பிரஷர். ராத்திரி இரண்டு சொட்டு, காலை இரண்டு சொட்டு மருந்து. இந்த மனுஷன் இப்போது அந்தமான் போகிறார், போவதற்கு நான் முக்காடு தைத்துக் கொடுக்க வேண்டும். யாரைக் கேட்கிறோம், எதைக் கேட்கிறோம் என்று ஒரு கூச்சம் வேண்டாமா.

பட்டனின் அடிப்பாதியைப் பதிக்க டிரில்லிங் மிஷினைத் தளத்தில் வைத்து அழுத்தினேன். முதலில் வெள்ளைத் தூள் வந்தது, பைபர். பிறகு நின்று நின்று பழுப்பாக வந்தது, ஈரமாக, ஊறிப்போன தேயிலைத் தூள் மாதிரி. இந்தப் பழைய படகுகளின் தளத்துக்கு நடுவில் மரம் வைத்து மேலும் கீழும் பைபர் பூசியிருப்பார்கள். எங்கேயோ ஒரு ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போய் அந்த மரம் வருஷக்கணக்கில் நனைந்துகொண்டே இருக்கிறது. மேலே பார்த்தால் பளபளவென்று பெயின்ட். விரலில் எடுத்து இவரிடம் நீட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, தெரியும் என்றார். எப்போதிருந்து என்று நான் கேட்காமலே சொன்னார். வாங்கினதிலிருந்து தெரியும். பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து இந்தத் தளத்தில் நடந்திருக்கிறேன், இதன் மேல் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்திருக்கிறேன், மகள் ஜெசிந்தாவை மாப்பிள்ளை பார்க்க வந்தபோது ஊரார் கண்படாமல் பேசட்டும் என்று இரண்டு பேரையும் இங்கேதான் கூட்டிவந்து உட்காரவைத்தோம். கீழே மரம் சொதசொதவென்று இருந்திருக்கிறது, இவருக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. கேட்டால், சொல்லி என்ன ஆகப்போகிறது என்பார். ஓட்டையைச் சுற்றி ஈரத்தைத் துடைத்துச் சிலிகானை நன்றாக நிரப்பினேன். என் பட்டன் வழியாக இனிமேல் ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது. போகிறவர் போகட்டும், தண்ணீர் போகக் கூடாது. இடப்பக்கம் ஒன்று. இழு. இன்னும் கொஞ்சம். விரல் நகம் பிய்கிற அளவுக்கு இழுத்தால்தான் சுருக்கம் போகும். வலப்பக்கம் ஒன்று.

ஜெசிந்தாவிடம் மஸ்கட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். உங்கப்பா தனியாக நடுக்கடலுக்குப் போகிறாராம், நீ சொல், நீ சொன்னால் கேட்பார். அவள் என்ன சொன்னாள். அப்பா எவ்வளவு வருஷமா ஆசைப்படுறாங்க, விடுங்கம்மா, ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கும்மா. ஜி.பி.எஸ். இருக்கிறதாம். கண்ணுக்கு மருந்து விடும்போது கை நடுங்கிக் கன்னத்தில் விட்டுக்கொள்கிற மனுஷனுக்கு ஜி.பி.எஸ். என்ன செய்யும். அன்றிலிருந்து அவளிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். ஒரு வீட்டில் ஆசைப்படுகிறவனுக்குத்தான் எல்லோரும் வக்காலத்து வாங்குவார்கள். பயப்படுகிறவளுக்கு யாரும் இல்லை. பயந்து பயந்து நான் எத்தனை தடவை மனசுக்குள் அந்தப் போன் வருகிறதைக் கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு அதிகாரி, மரியாதையான குரல், மேடம், உங்க கணவர் பேரு, படகு கிடைச்சிருக்கு, என்பான். படகு கிடைச்சிருக்கு என்றுதான் சொல்வான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன், கையில் சோப்பு இருக்கும், அந்தக் கையோடு போனைப் பிடித்திருப்பேன். படகு மட்டும் தள்ளாடிக்கொண்டு மிதக்கும். பாய் பாதி விரிந்திருக்கும். நான் தைத்த முக்காடு மட்டும் ஒரு பட்டன்கூட விடாமல் விறைப்பாக நிற்கும், ஏனென்றால் நான் தைத்தது பிய்யாது. தேடிவந்தவர்கள் அதைப் பார்த்து, யார் தைத்தது, நல்ல வேலை என்பார்கள். இந்த இடம் வரும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன். திரும்பி வந்து மறுபடி தைப்பேன். தைக்காமல் விட்டிருக்கலாம். கைவலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் இவர் முக்காடு இல்லாமலே போவார், உப்புத்தண்ணீர் அந்தக் கண்ணிலேயே அடிக்கும், அதற்கும் நான்தான் காரணமாவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கே வந்து முடிகிற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு இவர் பாட்டுக்குச் சாய்வு நாற்காலியில் ரேடியோ கேட்கிறார். இரட்டைத் தையல் போட்டேன். ஓரமெல்லாம் தோல் பட்டி வைத்தேன். உள்பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள், அங்கேயும் நூல் முடிச்சு வெளியே தெரியாமல் தைத்தேன். கோபத்தில் தைத்தால் தையல் கோணும் என்பதெல்லாம் சும்மா. என் தையல் கோபத்தில்தான் நேராகப் போகும்.

முன்விளிம்பு முடிந்தபோது எட்டேகால். பதினேழு பட்டன். இவர் பின்னால் சுக்கான் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டீல் வளைவின் கால்களைத் தளத்தோடு சேர்க்கிற நட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவி முறுக்கிக்கொண்டிருந்தார். தடவித் தடவி. ஸ்பானரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஸ்பானரைத் தேடினார். அவர் பக்கத்தில் கிடந்ததைக் காலை எட்டி அவர் கைக்கே தள்ளினேன், குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. வரவர எல்லாவற்றிலும் ஒரு அசிரத்தை. சாப்பாட்டு மேஜையில் வலப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார். மூன்றாவது தடவை மோர் கொட்டியபோது, சின்னப் பிள்ளையா நீங்க என்று மனசுக்குள் கேட்டேன், வாய்விட்டு அல்ல, பேசுவதில்லையே. ஈஸ்டர் அன்று கோயிலில் மெழுகுவர்த்தி ஸ்டாண்டில் இடித்து ஊரே திரும்பிப் பார்த்தது. ஜனவரியோடு பைக் ஓட்டுவதை நிறுத்திவிட்டார், முட்டி வலிக்கிறதாம். முட்டி வலிக்கிறவர் அந்தமான் போகிறார். என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறார், வழியில் யாராவது வணக்கம் வைத்தால் பதில் வணக்கம் வைப்பதில்லை, நான் தலையாட்டிச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கண் ஆஸ்பத்திரிக்கும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே தனியாகப் போவார். ஒருநாள் நானும் எழுந்தேன், உள்ளே ஒரு ஆள்தான் விடுவாங்க என்றார். எதிரே எல்லாக் கிழவனோடும் பெண்டாட்டி உள்ளே போகிறாள், வருகிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெளியே வந்தால் ஒரே வார்த்தை, கன்ட்ரோல்ல இருக்கு. கவர்மென்ட் அறிக்கை மாதிரி.

முக்காட்டின் பின்பாதியை இரண்டாவது வளைவின் மேல் போர்த்தி ஜிப்பை இழுத்தேன். அந்த நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், அதையும் சொல்ல வேண்டும். ஜிப் ஒரே இழுப்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது. துணி விறைத்து எழுந்து நின்றது. தட்டிப் பார்த்தேன், மேளம் மாதிரிச் சத்தம் வந்தது. கருநீலக் கேன்வாஸ், வெள்ளைத் தையல், மூன்று ஜன்னலிலும் ஒரு சுருக்கமில்லை, அதற்கு அப்பால் துறைமுகத்துச் சுவரும் உப்புத் தோணிகளும் தண்ணீரும் கழுவிவிட்ட மாதிரித் தெரிந்தன. நாற்பத்தைந்து வருஷத்துக் கிழட்டுப் படகுக்குப் புது முகம் வந்துவிட்டது. பெருமையாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் இவர்தான் இருந்தார். பின்விளிம்பில் பட்டன் அடிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி. சுக்கான் பிடிக்கிறவர் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முக்காடு தைக்கிறதில் முக்கியமான கணக்கே அதுதான், மற்றதெல்லாம் சீட் கவர் வேலை. உட்கார்ந்தால் கண் ஜன்னலுக்கு நேரே வர வேண்டும், இல்லாவிட்டால் முக்காட்டுக்கு மேலே வர வேண்டும். ஜன்னலுக்கு மேலே ஓடுகிற பட்டிக்கு நேரே வந்தால் எல்லாம் வீண். கைவிரலைக் காட்டி, உட்காருங்க என்று சைகை செய்தேன். இவர் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவையும் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து, உட்காருங்க என்றேன். மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. உட்கார்ந்தார். பக்கத்தில் போய் அவர் தோளுக்கு இணையாகக் குனிந்து பார்த்தேன். பட்டி. நாலு விரல் அகலத்துக்கு நான் மடித்து மடித்துத் தைத்த கருநீலப் பட்டி, இவர் கண்ணுக்கு நேரே, ஒரு சுவர் மாதிரி.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏப்ரலில் பாலிதீன் ஷீட்டை வளைவுகளின் மேல் போர்த்தி அச்சு எடுக்க வந்த அன்று, கண் எந்த உயரம் என்று குறிக்கிற வேலையை இவர்தான் செய்தார். ஒரு குச்சியை இருக்கையில் நிறுத்தி, இந்த உயரம் என்றார். நான் இவர் முகத்தைப் பார்க்காமல் குச்சியை மட்டும் பார்த்துக் கோடு போட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், குச்சி இவர் மோவாய்க்குக்கூட வந்திருக்காது. பார்க்க மாட்டேன் என்று வைராக்கியமாக நின்றேன். இரண்டு மாத வேலை. இதை இனிப் பிரித்து, பட்டியை அறுத்து, ஜன்னலை உயர்த்தி, வளைவையும் வெல்டரிடம் கொண்டுபோய், கடவுளே. அந்த ஆத்திரத்தில் எனக்குப் பேச்சு வந்துவிட்டது.

"ஒரு குச்சியை நேரா பிடிக்கத் தெரியல. கண்ணுக்கு நேரா பட்டி நிக்கி. இதை வச்சுக்கிட்டு எங்க போகப் போறிய? எதை இடிக்கப் போறிய?"

"அளவு சரிதான் எஸ்கலின்."

"என்ன சரி? உங்க கண்ணுக்கு..."

"என் கண்ணுக்கு எடுக்கல. வாங்குற பொண்ணுக்கு எடுத்தது. படகை வித்துட்டேன்."

தோணி ஒன்று இன்ஜின் போட்டுப் பின்னால் போனது. அது போய் அதன் அலை எங்கள் படகைத் தூக்கி இறக்கி முடிகிற வரைக்கும் நான் நின்றேன். இவர் சொல்லிக்கொண்டிருந்தார், அளந்து அளந்து. மிருணாளினி என்று ஒரு பொண்ணாம். சென்னையில் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டச் சொல்லித்தருகிறதாம். பிப்ரவரியிலேயே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம், நான் கடையில் இருந்தபோது. ஐந்தடிக்கும் குறைவாம். ஈரத் தளத்தைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டதாம், அதனால்தான் இவருக்கு நம்பிக்கை வந்ததாம். ஒன்றே ஒன்று கேட்டதாம், டாட்ஜர் இருந்தால் நல்லது என்று. நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறதாம். நாளைக்கு. பத்து மணிக்கு. மூன்று மாதமாக நான் அந்தப் போனைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சோப்புக் கையோடு நின்றுகொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைதோறும் மாதா கோயிலில் முட்டி தேய மண்டியிடுகிறேன், மகளோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன், இந்த மனுஷன் போகவே போகவில்லை. போக மாட்டோம் என்று தெரிந்துகொண்டே என் எதிரில் உட்கார்ந்து மோர் குடித்தார். நான் சந்தோஷப்பட வேண்டும். உயிர் தப்பியது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததெல்லாம் கோபம், இதுவரை பட்டதெல்லாம் கோபமே இல்லை என்கிற அளவுக்கு ஒரு கோபம். இந்தப் படகின் மெத்தையெல்லாம் யார் தைத்தது. பாய் கிழிந்தபோது வீட்டு முன்னறை முழுக்க விரித்துப்போட்டு மூன்று நாள் அதன் மேல் தவழ்ந்து ஒட்டுப்போட்டது யார். விற்கிறபோது ஒரு வார்த்தை. வேண்டாமா. எவளோ ஒருத்தி உட்கார்ந்து பார்ப்பதற்கு என் கையை வாடகைக்கு விட்டாரா. போகிறவருக்கு என்று நினைத்துத்தானே ஒவ்வொரு தையலையும் இரட்டையாகப் போட்டேன்.

"இதை நான் கொடுக்க மாட்டேன்" என்றேன்.

"உன் இஷ்டம்" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அமைதியாக, பூசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த அமைதிதான் என்னை என்னவோ செய்தது. பெட்டியிலிருந்து தையல் பிரிக்கிற கத்தியை எடுத்தேன். இவரைப் பார்த்துக்கொண்டேதான் எடுத்தேன். இடுப்பு உயரத்தில், வலப்பக்க ஜன்னலின் கீழ்த் தையலில் கத்திமுனையை வைத்தேன், இவர் முட்டியிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. தடுக்கட்டும். எஸ்கலின் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், கையைப் பிடிக்கட்டும். பாய் அறுப்பதைப் பார்த்தாலே துடிக்கிற மனுஷன், ஒருமுறை நான் பழைய பாயை வெட்டிப் பை தைத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவர். முதல் தையலை அறுத்தேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு. மூன்று. நூல் தெறித்து அவர் கைலியில் விழுந்தது. நாலு. கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. இமைகூட அசையவில்லை. இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கண் ஒரு தடவைகூடக் கத்திப் பக்கம் போகவில்லை என்பது உறைத்தது. கத்திமுனையைத் தையலிலிருந்து எடுத்துவிட்டேன். கையை அங்கேயே வைத்துக்கொண்டு, முகத்தை அசைக்காமல் கேட்டேன்.

"என் கையில என்ன இருக்கு?"

கேட்ட பிறகுதான் கண்ணைத் தாழ்த்தித் தேடினார். முதலில் தவறான கையைப் பார்த்தார். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு மறுபடி என் முகத்துக்கே வந்தார்.

"உன் முகம் நல்லாத் தெரியுது" என்றார். "கை தெரியல."

கத்தி நழுவித் தளத்தில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் திரும்பினார். நான் எதிரே இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஜனவரியில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டியிருக்கிறார், ஓரமெல்லாம் போய்விட்டது, நடுவில் இருப்பது மிச்சம், மருந்து விட்டால் அந்த மிச்சம் நிற்கும், போனது வராது. ஒரு பைப் வழியாகப் பார்க்கிற மாதிரி என்றார் இவர், ஏதோ படகு ரிப்பேர் பற்றிச் சொல்கிற குரலில். நடுக்கடலில் வலப்பக்கம் ஒரு கப்பல் வந்தால் தலையைத் திருப்பாமல் தெரியாது. அதனால் விற்றுவிட்டேன் என்றார். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நீ கடையை அடைத்துவிட்டு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அலைவாய். அலைந்தால் என்ன என்றேன். அதை விட்டுவிட்டு வேறு சொன்னார். அந்தமான் போகிறேன் என்று நீ கோபமாக இருந்தாய், அது எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது, இன்னும் கடலுக்குப் போகிறவன் என்றாவது நீ நினைத்துக்கொண்டிருந்தாய் என்றார். தலையைக் குனிந்துகொண்டார். அறுபத்தாறு வயதில் ஒரு மனுஷன் இப்படிச் சொல்கிறார். எனக்கு இவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மோர் டம்ளரும் மெழுகுவர்த்தி ஸ்டாண்டும் பதில் கிடைக்காத வணக்கங்களும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன, நான் அசிரத்தை என்று பேர் வைத்த எல்லாம். காலையில் ஸ்பானரைக் காலால் தள்ளினேனே. அதை நினைக்க முடியவில்லை, நினைக்காமலிருக்கவும் முடியவில்லை. அதற்காக என் கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. பாவம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம், இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் எனக்குள் உட்கார்ந்திருந்தன. பாவம் என்பதற்காகக் கோபத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது. ஐந்து மாதம் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்தாரே.

"அடுத்த தேதி என்னைக்கு?"

"பதினெட்டாம் தேதி."

"நான் உள்ள வருவேன். அந்தம்மா போட்ட படத்தை எனக்கும் போட்டுக் காட்டணும். ஒரு ஆள்தான் விடுவாங்கன்னு சொன்னா, நீங்க பெஞ்சில இருங்க, நான் போறேன்."

சரி என்றார். கத்தியைத் தேடி எடுத்துப் பெட்டியில் போட்டேன். மெழுகு பூசிய நூலைக் கோத்துக்கொண்டு அறுத்த நாலு தையலையும் கையால் போட உட்கார்ந்தேன். அந்தப் பொண்ணு என்ன பாவம் செய்தது. ஐந்தடி உயரத்தில் ஒருத்தி தனியாகப் படகு ஓட்ட வருகிறாள், அவள் முகத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது, இந்த ஜன்னல் ஒழுகக் கூடாது. ஊசி தோல் பட்டியில் ஏறவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். இவர் முகத்தை என் பக்கமாகத் திருப்பி, கொஞ்சம் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். வீட்டில் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரிவதில்லையாம். திடீரென்று பக்கத்தில் இருக்கிறேனாம், திடீரென்று இல்லையாம்.

"முன்னெல்லாம் ஏசிக்கிட்டே வருவ. அடுப்படியில இருக்கியா, முத்தத்துல இருக்கியான்னு சத்தத்துலயே தெரிஞ்சிரும். இந்த மூணு மாசம்தான் ரொம்பக் கஷ்டமாப் போச்சு."

ஊசியை அப்படியே துணியில் குத்தி நிறுத்தினேன். கண்ணீர் வந்தது, அதையும் இவர் பார்த்திருப்பார், முகம்தான் தெரிகிறதே. புறங்கையால் துடைத்துக்கொண்டேன். பிறகு ஆரம்பித்தேன். தோசை ஊற்றும்போது முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதிலிருந்து ஆரம்பித்தேன். பெண்டாட்டி இல்லாத நேரமாகப் பார்த்து எவளையோ கூட்டிவந்து படகைக் காட்டியதைச் சொன்னேன். முட்டிவலிப் பொய்யைச் சொன்னேன், அந்த முட்டிக்கு நான் தைலம் தேய்த்ததைச் சொன்னேன். பொய் முட்டியை நீட்டிக்கொண்டு எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். தையல் முடிந்தது, நூலைப் பல்லால் கடித்தேன், பின்விளிம்புப் பட்டன்களுக்கு எழுந்தேன், வாயை நிறுத்தவில்லை. பக்கத்துத் தோணியில் உப்பு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள், பார்க்கட்டும். நடுவில் ஒன்று அடித்தேன். இடப்பக்கம் போனேன், ஏசிக்கொண்டே போனேன், இவர் முகம் இடப்பக்கம் திரும்பி என் முகத்தில் வந்து நின்றது. வலப்பக்கம் போனேன். வலப்பக்கம் திரும்பி வந்து நின்றது.